கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒரு சிரிப்பு

மாப்பிள்ளையின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அதைத்தான் முதலில் பார்த்தேன். செய்தியாளனாக அலைந்த காலத்தில் சாவு வீட்டுக்குள் நுழைந்தால் முகத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். முகத்தைப் பார்த்துவிட்டால் மற்ற விவரம் எதுவும் மனதில் நிற்காது.

மாடம்பாக்கத்தில் என் தங்கை சுசீலாவின் வீடு அது. ஹால் நடுவில் குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டி. அதன் மோட்டார் பழைய ஃபிரிட்ஜ் போல உறுமி உறுமி நின்றது. உள்ளே தங்கையின் கணவர் தனபால். தாடையைச் சுற்றிக் கட்டு. நெற்றியில் ஒரு ரூபாய் நாணயம். வாட்ச் கட்டியிருந்த இடத்தில் மட்டும் தோல் வெளுத்திருந்தது. தூங்கும்போதுகூட அதைக் கழற்றாதவர்.

பிறகு முகத்தைப் பார்த்தேன். நெஞ்சில் ஏதோ கனமாகக் கீழே இறங்கியது. அது துக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் அப்பா போனபோது வந்த அதே கனம்.

வாய் திறந்தது. சிரிப்பு வந்தது.

புன்னகை இல்லை. சத்தமான சிரிப்பு, தோள் குலுங்கியது. மாலைகளுக்கு நடுவே கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. மாப்பிள்ளையின் மூடிய கண்களுக்கு மேலே என் பற்கள். நிறுத்தப் பார்த்தேன். நிறுத்தப் பார்த்தால் இன்னும் கூடும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் நிறுத்தப் பார்த்தேன்.

பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள். தனபாலின் அக்கா சரோஜா எழுந்து நின்றார்.

"இன்னாபா இது? என் தம்பி பொணமா கெடக்கறான், இவுரு சிரிச்சிகினு நிக்கிறாரு."

என் மகன் கார்த்தி பின்னாலிருந்து என் கையைப் பிடித்தான். "அப்பா, ஸ்டாப். ப்ளீஸ்ப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சுசீலா நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அதன் பிறகு என்னைத் தெருவுக்கு அழைத்துப் போய், ஷாமியானாவுக்கு வெளியே வெயிலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அங்கே போனதும் சிரிப்பு தானாக நின்றது. உள்ளே இருந்த கனம் நிற்கவில்லை. அதைப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

பாதித் தட்டு

எனக்குப் பக்கவாதம் வந்தது இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு. சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக் குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்தேன். கையிலிருந்த கிண்ணம் தரையில் விழுந்தது. விழுந்தது என் கையிலிருந்து என்பது எனக்குத் தெரியவில்லை. மனைவி வசந்தா வந்து பார்த்தபோது முகத்தில் ஒரு பக்கம் நுரை அப்படியே இருந்ததாம்.

சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். அதிர்ஷ்டம் என்றார்கள். நடை திரும்பிவிட்டது. பேச்சு குழறவில்லை. இடது கை மட்டும் சொன்னதைச் சற்றுத் தாமதமாகக் கேட்கும். ஏரிக்கரையில் காலையில் நடக்கும்போது பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "பாத்தா ஒண்ணுமே தெரியலையே சார்."

பார்த்தால் தெரியாததுதான் தொந்தரவு.

முதல் சில மாதங்கள் என் உலகத்தில் இடது பக்கம் இல்லை. கண்ணில் கோளாறு கிடையாது. அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே மூளைக்கு மறந்துவிட்டது. தட்டில் நாலு இட்லி வைத்தால் வலது பக்கம் இருப்பதைத் தின்றுவிட்டு, "இன்னைக்கு என்ன ரெண்டே இட்லி?" என்பேன். வசந்தா தட்டைத் திருப்பி வைப்பாள். புதிதாக இரண்டு இட்லி வந்துவிடும்.

பேப்பரும் அப்படித்தான். நம் தலைப்புகளில் ஆள் முதலில் வருவார், நடந்தது கடைசியில் வரும். எனக்குக் கடைசி மட்டும் கிடைத்தது. கைது. மரணம். ராஜினாமா. யார் என்று தெரியாது. பல வருடம் நியூஸ் டெஸ்க்கில் உட்கார்ந்து தலைப்புப் போட்டவன் ஒரு காலைப்பொழுது முழுக்க யாரோ கைது, யாரோ மரணம் என்று படித்துக்கொண்டிருந்தேன். அதிலும் ஒரு வித நியாயம் இருப்பதாகத்தான் தோன்றியது.

சேலையூரில் பக்கவாதக்காரர்களுக்குப் பயிற்சி தரும் பெண் ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள். பக்கத்தின் இடது ஓரத்தில் சிவப்பு ரிப்பன் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் கண் முதலில் அந்தச் சிவப்பைத் தேடிப் பிடித்துவிட்டு அங்கிருந்து கிளம்ப வேண்டும். இப்போது பெரும்பாலும் பிடித்துவிடுகிறேன். களைத்திருக்கும்போது தவறிவிடும்.

வாரம் ஒருமுறை நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கும் வாசகர் ஒருவர், இவ்வளவு தெளிவாக எழுதுகிறீர்களே, பூரண குணமாகிவிட்டீர்கள் போலிருக்கிறது என்று மகிழ்ச்சி தெரிவித்திருந்தார். நன்றி. நான் எழுதும் தாளிலும் இடது ஓரத்தில் சிவப்பு ரிப்பன் இருக்கிறது. வரிகள் வலது பக்கமாகச் சாய்ந்து ஒதுங்கிப் போகும். வசந்தா வாய்விட்டுப் படித்து, என்னிடம் கேட்டு, விட்டதை நிரப்பி, அதன் பிறகுதான் உங்களிடம் வருகிறது. தெளிவு அவளுடையது.

குப்பை வண்டிக்கு அழுதவன்

இடது பக்கம் ஓரளவு திரும்பி வந்த சமயத்தில்தான் அழுகை ஆரம்பித்தது.

காலையில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வரும். மக்கும் குப்பை, மக்காத குப்பை பற்றிய பாட்டு. பச்சை வாளியோடு வாசலில் நின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, விம்மல் வேறு. மனதில் எதுவும் இல்லை. வெறும் வாளி நினைப்புதான். வண்டியில் வரும் அம்மா பயந்துபோய்க் கேட்டார்.

"இன்னா சார், வூட்ல எதனா பிரச்னையா?"

"ஒண்ணும் இல்லம்மா. பாட்டு."

"இந்தப் பாட்டுக்கா? தெனம் கேட்டுகினு கீறோம், நாங்க இன்னும் அளுவலியே சார்."

பிறகு சமையல் எண்ணெய் விளம்பரத்துக்கு அழுதேன். யாருடையதோ பேரக்குழந்தைகளின் படம் போனில் வந்தால் அழுதேன். மறுபக்கம், பக்கத்து வீட்டுக்காரர் தனக்குக் கண் அறுவை சிகிச்சை என்று சொன்னபோது குலுங்கிச் சிரித்தேன். அவர் அதன் பிறகு எங்கள் வாசலைக் கடக்கும்போது போனைக் காதில் வைத்துக்கொண்டுவிடுகிறார்.

நரம்பியல் டாக்டர் அமைதியாகச் சொன்னார். "சிரிப்புக்கும் அழுகைக்கும் மூளையில ஒரு பிரேக் இருக்கு சார். உங்களுக்கு அது தேஞ்சுபோச்சு. உள்ள என்ன ஃபீல் பண்றீங்களோ அதுதான் வெளியில வரணும்னு இல்ல. உள்ள ஒண்ணுமே இல்லாமலும் வரும், நேர்மாறாவும் வரும்." மாத்திரை கொடுத்தார். குறைந்தது. போகவில்லை.

டாக்டரின் விளக்கம் சரியானது. அதை என் குடும்பம் புரிந்துகொண்ட விதம்தான் வேறு. அழுகையும் சிரிப்பும் பொய்யாகலாம் என்றார் அவர். நான் சொல்வது எல்லாமே பொய்யாகலாம் என்று இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சாம்பாரில் உப்பு அதிகம் என்றேன். "அப்பா, இரிட்டேஷன் வருதா? ரிலாக்ஸ்" என்றான் கார்த்தி. மருமகள் ஒரு வாய் வைத்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். உப்பைப் பற்றி அதன் பிறகும் யாரும் பேசவில்லை.

மகனுடைய நண்பர்கள் வீட்டுக்கு வந்து சத்தமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். பக்கவாதத்துக்கு முன்பும் வந்தது. அப்போது அது அப்பாவின் கோபம், வீடு அடங்கும். இப்போது வியாதியின் கோபம். என்னைத் தடவிக்கொடுத்து அறைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

நாற்பது வருடம் பிறர் சொல்லும் செய்தியை நம்பலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்லிச் சம்பளம் வாங்கினேன். என்னைப் பற்றி நான் தரும் செய்தியை நம்ப என் வீட்டில் ஆள் இல்லை.

ஒரிஜினலா, டூப்ளிகேட்டா

ஒருவர் இருந்தார். தனபால்.

அவரை எனக்கு முதலில் தெரிந்தது மின்சார ரயிலில். தாம்பரத்தில் ஏறுவோம். அவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவு; ரயில் நடுவழியில் நின்றால் பெட்டி முழுக்க அவரைத்தான் திட்டும். எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டு, "நான் இங்க உங்களோட உக்காந்திருக்கேன், அங்க எப்படிங்க வேல நடக்கும்?" என்பார். பிறகு தங்கையைக் கட்டி எனக்கு மாப்பிள்ளை ஆனார். குழந்தைகள் இல்லை. அதைப் பற்றி அவர்கள் இருவரும் யாரிடமும் பேசியதில்லை.

எனக்கு உடம்புக்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரில் மாடம்பாக்கத்திலிருந்து வந்துவிடுவார். மற்றவர்கள் நான் அழுதால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அல்லது டம்ளரில் தண்ணீர் கொண்டுவருவார்கள். தனபால் பேச்சை நிறுத்திவிட்டு, ரயில் போகட்டும் என்று ரயில்வே கேட்டில் நிற்பவர் மாதிரி காத்திருப்பார். பிறகு கேட்பார்:

"மச்சான், இது ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?"

"டூப்ளிகேட்."

"சரி, விடுங்க." கிரிக்கெட் ஸ்கோருக்குத் திரும்பிவிடுவார்.

ஒருமுறை ஒரிஜினல் என்று சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. அன்று மாலை வரை கிளம்பவே இல்லை. வாசல் படியில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தா இரண்டாவது முறை காபி போட்டாள்.

அவருக்கு மாரடைப்பு. ஒரு மதியம், துணி உலர்த்த மாடிக்குப் போன இடத்தில். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நான் சிரித்தபோது, ஒரிஜினலா என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் பெட்டிக்குள் இருந்தார்.

பிறந்த வீட்டுக் கோடி

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். ஒரு பெண்ணின் புருஷன் இறந்தால், காரியத்தன்று அவளுடைய பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை எடுத்துப் போக வேண்டும். அப்பா இல்லாவிட்டால் உடன்பிறந்தவன். மணையில் உட்கார்ந்திருக்கும் அவள் தோளில் அவன் கையால் அதைப் போர்த்த வேண்டும். உனக்குப் பிறந்த வீடு இருக்கிறது என்று ஊர் முன்னால் சொல்வதுதான் அதன் பொருள். சுசீலாவுக்குப் பிள்ளை இல்லை. அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்றால் நான்தான். வேறு யாரும் கிடையாது.

காரியத்துக்கு நாலைந்து நாள் முன்னால் சரோஜா அக்கா கார்த்திக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டான்.

"கோடிய நீ போடுபா. உங்கப்பன் வாணாம். சாவன்னிக்குப் பட்டதே போதும். காரியத்தன்னிக்கும் வந்து இளிச்சார்னா அந்தப் பொண்ணு தாங்குமா?"

"ஓகே அத்தை. நானும் அதான் நெனச்சேன்."

"நான் போடுவேன்" என்றேன்.

கார்த்தி போனை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான். குழந்தையிடம் பேசும் குரல் வந்தது. "அப்பா, உங்களுக்கு ஸ்ட்ரெஸ் வேண்டாம்னுதான். நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க. நான் பாத்துக்கறேன்."

"அவ என் தங்கச்சி. நான்தான் போடணும்."

"பிடிவாதமும் இதுல ஒரு சிம்ப்டம்னு டாக்டர் சொன்னாரில்ல?" இதை என்னிடம் சொல்லவில்லை. வசந்தாவிடம் சொன்னான். நான் அறையில் இல்லாததுபோல.

பிடிவாதம் பிடிக்கவில்லை என்று வாதாடினால் அதுவே பிடிவாதம். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டது. காவல் நிலையங்களில் இந்த மாதிரி விசாரணையைப் பார்த்திருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். பெஞ்சின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

கடைசியில் சுசீலாவையே கேட்டார்கள். போனில் மிக்ஸி ஓடும் சத்தம் பின்னால் கேட்டது. பிறகு சொன்னாள்:

"அண்ணனே வரட்டும்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா அண்ணா, சிரிக்காம பாத்துக்கோ. உன்ன கெஞ்சிக் கேக்கறேன்."

என் கையில் இருக்கும் விஷயம் என்று அவளும் நினைக்கிறாள். சரி என்றேன்.

நாற்காலிக்குப் போர்த்திய துண்டு

சேலையூரில் பயிற்சி தரும் பெண்ணிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு கிளம்புவது தெரிந்ததும் தோளைத் தளர்த்தி, மூச்சை மெதுவாக விட்டு, உணர்ச்சி எதுவும் இல்லாத ஒன்றை மனதுக்குள் வரிசையாகச் சொல்லுங்கள் என்றாள். வாய்ப்பாடு மாதிரி.

வாய்ப்பாட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. ரயில் நிலையங்களை எடுத்துக்கொண்டேன். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை. அதைவிட வறட்சியான பட்டியல் என் வாழ்க்கையில் கிடையாது.

வீட்டில் யாரும் இல்லாத மதியத்தில் ஒத்திகை. பிளாஸ்டிக் நாற்காலியைக் கிழக்குப் பார்க்கப் போட்டு, குளியல் துண்டை இரண்டு கையிலும் பிடித்து, தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை என்று சொல்லிக்கொண்டே நாற்காலி முதுகுக்குப் போர்த்தினேன். திரும்பினால் வசந்தா நிற்கிறாள். கையில் காய்கறிப் பை.

"இடது பக்கம் தொங்கவே இல்ல" என்றாள்.

பார்த்தேன். துண்டு முழுவதும் நாற்காலியின் வலது பக்கத்தில் குவிந்து கிடந்தது. இடது தோள் வெறுமையாக இருந்தது. ஊர் முன்னால் பாதித் தோளுக்குப் போர்த்திவிட்டு முடிந்தது என்று திரும்பி நடந்திருப்பேன்.

மறுபடி செய்தேன். மறுபடி வலது பக்கம். நாற்காலிக்குத் தோள் இல்லை, சரியாக வரவில்லை என்று முனகினேன்.

வசந்தா பையைக் கீழே வைத்தாள். துண்டை எடுத்து உதறி என்னிடம் கொடுத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எழுந்திரு" என்றேன். புருஷன் உயிரோடு இருக்கும்போது அவன் கையாலேயே கோடி போர்த்திக்கொள்ள எந்தப் பெண்ணும் உட்கார மாட்டாள். விளையாட்டுக்குக்கூட உட்கார மாட்டாள். வசந்தா வெள்ளிக்கிழமை விளக்கு வைக்காமல் வெளியே கிளம்பாதவள்.

"எனக்குப் பாதிக் கோடி அன்னைக்கே போட்டாச்சு" என்றாள். "பாத்ரூம்ல உங்களைத் தூக்கினேனே, அன்னைக்கு. உக்காந்தா என்ன இப்போ? போடுங்க. இடது தோள்ல என் வளையல் கைய வச்சுக்கறேன். சத்தம் வர்ற பக்கம் பாருங்க."

இடது தோளில் கையை வைத்து வளையலை ஆட்டினாள். சத்தம் வந்த பக்கம் பார்த்தேன். தோள் தெரிந்தது. போர்த்தினேன். இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கியது. வசந்தா துண்டுக்குள் அப்படியே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, அதை மடித்துக் கொடியில் போட்டுவிட்டு, கத்திரிக்காயைக் கழுவப் போனாள்.

எனக்கு அப்போது அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை.

திருத்தம் என்னும் மூலை

இங்கே பழைய விஷயம் ஒன்று சொல்ல வேண்டும்.

பேப்பரில் தவறு வந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். தவறு எந்தப் பக்கத்தில் எவ்வளவு பெரிய எழுத்தில் வந்திருந்தாலும் திருத்தம் போகும் இடம் ஒன்றுதான்: உள்பக்கத்தில், இடது கீழ் மூலையில், சிறிய எழுத்தில். யாரும் படித்துவிடக் கூடாது என்பதுபோல. அந்த வாசகங்களை எழுதும் வேலை பல வருடம் என்னிடம் இருந்தது. விளக்கம் கூடாது, காரணம் கூடாது, ஒன்றிரண்டு வாக்கியத்தில் முடிய வேண்டும்.

ஒருமுறை விளம்பரப் பக்கத்தில் கண்ணீர் அஞ்சலிக்கு வந்த படமும் திருமண வாழ்த்துக்கு வந்த படமும் இடம் மாறிவிட்டன. கோட்டும் மாலையுமாக இருந்த கல்யாண மாப்பிள்ளை கண்ணீர் அஞ்சலியில். நரைத்த பெரியவர் ஒருவர் புதுமணத் தம்பதியில் ஒருவராக. மாப்பிள்ளையின் அப்பா ஆட்களோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டார். பெரியவர் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, அழுதுகொண்டிருப்பார்கள். நான் எழுதிய திருத்தம் இரண்டு வரிதான். படங்கள் இடம் மாறிவிட்டன, மாற்றி வாசிக்கவும்.

பல்லாவரம்

காரியம் மாடம்பாக்கத்தில் வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. சுசீலா மணையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. அவளை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. சுற்றிலும் கூட்டம். எல்லாக் கண்களும் என் வாய் மேல் இருந்தன. அவள் மேல் இல்லை. கார்த்தி எனக்குப் பின்னால், தேவைப்பட்டால் இழுத்துப் போகத் தோதான தூரத்தில் நின்றான். வசந்தா சுசீலாவுக்கு இடது பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள், வளையல் கையோடு.

சரோஜா அக்கா முணுமுணுத்தது எனக்குக் கேட்கத்தான் செய்தது. "பாரு, ஒதடு துடிக்குது. ஆரம்பிக்கப் போறாரு."

சேலையை வாங்கினேன். மாம்பழ நிறம். தோளைத் தளர்த்தினேன். தாம்பரம். சேலையைப் பிரித்தேன். சானடோரியம். அவள் அருகில் குனிந்தேன். குரோம்பேட்டை. வளையல் சத்தம் வந்தது. இடது பக்கம் பார்த்தேன். பல்லாவரம்.

பல்லாவரத்தில் அழுகை உடைந்தது.

பல்லாவரத்தோடு எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அங்கே உறவு கிடையாது. இறங்கியதும் இல்லை. அந்த நிமிடம் என் மனதில் இருந்தது தண்டவாளமும், மஞ்சள் பலகையில் அந்த ஊரின் பெயரும்தான். தங்கை இல்லை. மாப்பிள்ளை இல்லை. உள்ளே துடைத்து வைத்த பாத்திரம்போல இருந்தது. வெளியே, வயதான ஒரு மனிதன் தங்கையின் தோளில் சேலையைப் போர்த்திவிட்டு, அவள் தலைமேல் முகத்தை வைத்துக் கேவிக்கேவி அழுதுகொண்டிருந்தான்.

மண்டபமே அழுதது. சுசீலா என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, அண்ணா" என்றாள். சரோஜா அக்கா முந்தானையால் மூக்கைச் சிந்தினார்.

"இன்னா இருந்தாலும் கூடப் பொறந்தவன்பா. ரத்தம் விட்டுக் குடுக்குமா?"

கார்த்தி என் தோளை அழுத்தினான். "சூப்பர்ப்பா. யூ ஆர் பேக்." அவன் கண்ணிலும் தண்ணீர். இரண்டு மழைக்காலமாக அவன் என்னை அந்த மாதிரி பார்த்ததில்லை.

சேலை இரண்டு தோளிலும் சரியாக இருந்தது. அதை நானும் வசந்தாவும் மட்டும்தான் கவனித்தோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு சுசீலா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோடிச் சேலையை இன்னும் போர்த்தியிருந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"அன்னைக்கு நீ சிரிச்சத நான் மனசுல வச்சுக்கலண்ணா. அது வியாதி. எனக்குப் புரியுது. இன்னைக்கு அழுதியே, அதுதான் நீ. அவர் பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்."

அவர் பார்த்திருந்தால் ஒரு கேள்வி கேட்டிருப்பார். அன்று அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் வசந்தாவின் கை என் முழங்காலை அழுத்தியது. "சரிம்மா" என்றேன்.

அதன் பிறகு எனக்கு நல்ல காலம். உறவில் சாவு என்றால் கார்த்தி லீவு போட்டுக் காரில் கூட்டிப் போகிறான். அழுகிறேன். நன்றாக அழுகிறேன் என்கிறார்கள். சாம்பாரில் உப்பு அதிகம் என்றால் இப்போது மருமகள் ருசி பார்த்து, ஆமாம் என்கிறாள். நம்பகமான ஆளாகிவிட்டேன்.

"இத எழுதாதீங்க" என்றாள் வசந்தா, இந்தத் தாளைப் படித்துவிட்டு. "சுசீலா வாரம் தவறாம படிக்கிறா. நிம்மதியா இருக்கா. அப்படியே இருக்கட்டும்."

இருக்கட்டும்தான். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவரைப் பற்றி ஊரில் தவறான செய்தி நிற்கிறது. அவர் இறந்த அன்று அவருடைய மச்சான் அவருக்காக அழவே இல்லை என்ற செய்தி. அதை நிற்க விட எனக்கு மனமில்லை. இடது மூலை எனக்கு நிச்சயமாகத் தெரிவதில்லை என்பதால் இங்கேயே, நடுவிலேயே போடுகிறேன்.

திருத்தம்: மாடம்பாக்கம் தனபால் இறந்த அன்று அவருடைய மச்சான் சிரித்ததாகவும், காரியத்தன்று அழுததாகவும் உறவினர்களிடையே செய்தி உள்ளது. இரண்டும் இடம் மாறிவிட்டன. மாற்றி வாசிக்கவும்.